எடை மிஷினும் பிபி மிஷினும் கொடுத்து அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், நம்பலாமா?

மற்றவர்களுக்கும் புரிவதற்காக உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. இதயச் செயலிழப்பு. மூன்று மாதத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இந்த முறை டிஸ்சார்ஜ் ஆகும்போது எடை மிஷின், பிபி மிஷின், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அளவுகளை அனுப்ப ஒரு டேப்லெட் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கொடுத்து, "ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் தினமும் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். டாக்டர் பார்க்காமல் நர்ஸ் பார்ப்பது போதுமா, நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் இதை நம்பி அவரைத் தனியே விடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: போதும், பார்ப்பவருக்கு மருந்தை மாற்றும் அதிகாரம் இருந்தால். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மருந்து எழுதப் பயிற்சி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனராகப் பல வருடங்களாக நான் செய்யும் வேலையே இதுதான் என்பதால், தினமும் காலையில் என் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இதயத்தால் போதுமான இரத்தத்தைத் தள்ள முடியாதபோது, சிறுநீரகம் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் முதலில் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தத்தை ஏற்றும். அப்புறம் எடையில் தெரியும். கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். நடுராத்திரியில் மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற பலருக்கு, எடை ஒரு வாரம் முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்திருக்கும். எனக்குக் கையில் கிடைக்கும் அவகாசம் அந்த ஒரு வாரம்தான்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அதனால்தான் ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ எடை ஏறினால் கூப்பிடுங்கள் என்று சொல்கிறோம். கொழுப்பு ஒரே ராத்திரியில் ஒரு கிலோ ஏறாது, நீர் ஏறும். உங்கள் அப்பாவின் எடை அப்படி ஏறினால் என் திரையில் அவர் பெயர் மேலே வந்து நிற்கும். உடனே மருந்தைக் கூட்டிவிட மாட்டேன். முதலில் போன் செய்வேன்.

போனில் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். மிஷினை இடம் மாற்றினீர்களா? தரைவிரிப்பின் மேல் வைத்த எடை மிஷின் தப்பான எண்ணைக் காட்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்பு பார்த்ததுதானா? நீர் மாத்திரையை (அதிகப்படி நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையை) விட்டுவிட்டீர்களா? வெளியூர்ப் பயணம், கல்யாணம் என்றால் வழியில் கழிவறைக்கு எங்கே போவது என்று பயந்து பலர் அன்றைக்கு மாத்திரையைத் தள்ளிவைத்து விடுகிறார்கள், கேட்டால் மட்டுமே சொல்வார்கள். அப்புறம், மூட்டுவலிக்கு ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டீர்களா? ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும். பல இடங்களில் சீட்டு இல்லாமலே கிடைப்பதால் யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிர்பாராமல் ஏறுகிற எடைக்குப் பின்னால் இந்த மாத்திரைகளை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் அறிகுறிகள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? போன வாரம் எத்தனை? (நீர் ஏறினால் சமமாகப் படுக்கும்போது மூச்சு முட்டும், தலையை உயர்த்திக்கொண்டே போவார்கள்.) குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு முட்டுகிறதா? படுத்தால் இருமல் வருகிறதா? இந்தப் பதில்கள் எந்த மிஷினிலும் வராது. ஒரு பாட்டியின் எண்கள் ஒரு வாரமாக அப்படியே இருந்தன. எடையில் மாற்றம் இல்லை, பிபி சரி, ஆக்ஸிஜன் 95. வாராந்தர வழக்கத்துக்காகத்தான் கூப்பிட்டேன். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு எடுத்தார். "ராத்திரி எப்படித் தூங்கினீர்கள்?" என்றேன். "மூணு நாளா நாற்காலியில்தான் தூங்கறேன், அதுதான் சுகமா இருக்கு" என்றார். சாப்பாடு குறைந்து சதை கரைந்துகொண்டிருந்தது, அதே அளவுக்கு நீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் எடை மிஷினில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கே நேரில் வரச்சொல்லிப் பரிசோதித்து, நீர் மாத்திரையை மாற்றினோம். நீரெல்லாம் வடிந்த பிறகு இருக்க வேண்டிய எடை என்று ஒன்றை ஒவ்வொருவருக்கும் குறித்து வைத்திருப்போம். அதையும் அவருக்கு இரண்டு கிலோ குறைத்துத் திருத்தி எழுதினேன். டிஸ்சார்ஜ் அன்று குறித்த எடையை ஆறு மாதம் ஆன பிறகும் அளவுகோலாக வைத்திருப்பது இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறுகளில் ஒன்று.

டாக்டரா நர்ஸா என்ற கேள்விக்கு வருவோம். நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் செவிலியர் படிப்பை முடித்து, அதற்கு மேல் முதுகலையோ முனைவர் படிப்போ படித்து, நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் பயிற்சி பெற்றவர். இந்தப் படிப்பு 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கினார்கள். டாக்டர் கிடைக்காத குடும்பங்களின் குழந்தைகளுக்காக வந்த ஏற்பாடு அது. இன்றைக்கு அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம். மற்ற இடங்களில் டாக்டரோடு ஒரு உடன்படிக்கை வேண்டும். சில நாடுகளில் இப்படி ஒரு பதவியே இல்லை, அங்கே செவிலியர் எண்ணைப் பார்த்து டாக்டருக்குச் சொல்லத்தான் முடியும்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. மருந்து எழுத முடியாத செவிலியர் காலை 9 மணிக்கு எடை ஏறியதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டருக்குச் செய்தி அனுப்புகிறார். டாக்டர் அறுவை அரங்கிலோ வெளிநோயாளிகளுக்கு நடுவிலோ இருக்கிறார். சாயங்காலம் பார்க்கிறார், நாளைக்குப் பேசலாம் என்கிறார். ஒன்றரை நாள் போய்விட்டது. நான் என்றால் 9 மணிக்குப் பார்த்து, 9.15க்குப் பேசி, 9.30க்கு நீர் மாத்திரையின் அளவை மாற்றி, நான்கைந்து நாளில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிவிடுவேன். அந்தப் பரிசோதனையை விடவே கூடாது. நீர் மாத்திரையைக் கூட்டினால் பொட்டாசியம் இறங்கலாம், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரையில் ஏறலாம், இரண்டுமே இதயத் துடிப்பைக் குழப்பும். வீட்டில் இருக்கும் எந்த மிஷினும் அதைக் காட்டாது.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன என்பது என் கருத்து. 2010இல் அமெரிக்காவில் 1,653 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து டெலி ஹெச்எஃப் என்ற ஆய்வு வெளிவந்தது. நோயாளி தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசியை அழைத்து, எடையையும் அறிகுறிகளையும் பட்டன் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், திரும்ப அட்மிட் ஆவதிலும் இறப்பிலும் எந்த வித்தியாசமும் இல்லை. 14 சதவீதம் பேர் அந்த எண்ணை ஒருமுறைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில், வாரத்துக்கு மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55 சதவீதம்தான். அந்த முதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் ஒரு இயந்திரக் குரலோடு பேசச் சொன்னால் யாருக்கும் சீக்கிரம் சலித்துவிடும்.

கலிஃபோர்னியாவில் 1,437 பேரை வைத்து நடந்து 2016இல் வெளிவந்த பீட் ஹெச்எஃப் ஆய்வில் மின்னணுக் கருவிகளும் இருந்தன, செவிலியரின் போன் அழைப்புகளும் இருந்தன. ஆறு மாதத்தில் திரும்ப அட்மிட் ஆனவர்கள், இந்தக் கவனிப்பு கிடைத்தவர்களிலும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர். அதாவது கருவியும் போனும் இருந்தால் மட்டும் போதவில்லை.

அப்புறம் 2018இல் ஜெர்மனியிலிருந்து டிம் ஹெச்எஃப் 2 வந்தது. 1,571 பேர். அவர்களுக்கும் கிட்டத்தட்ட உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த பெட்டிதான்: எடை, பிபி, ஆக்ஸிஜன், கூடவே ஒரு ஈசிஜி கருவி, டேப்லெட். ஆனால் மறுமுனையில் டாக்டர்களும் இதயச் செயலிழப்பில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் 24 மணி நேரமும் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் ஒரு வருடத்தில் நூறு பேருக்குச் சுமார் 11 ஆக இருந்த இறப்பு, இந்தக் கவனிப்பில் இருந்தவர்களிடம் சுமார் 8 ஆக இருந்தது. இதய நோயால் எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் கழித்ததும் இறப்பால் இழந்ததுமான நாட்கள் வருடத்துக்கு ஏறத்தாழ 24இலிருந்து 18 ஆகக் குறைந்தன. ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது: அந்த ஆய்வில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. தினமும் எழுந்து எடை பார்க்கும் மனமே இல்லாதவருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பலன் தரும் என்பது வேறு கேள்வி. உங்கள் அப்பா டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து யாரோடும் பேசாமல், சாப்பிடப் பிடிக்காமல் இருந்தால், எடைக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.

எடைக்கு முன்பே ஏறுகிற அழுத்தத்தைப் பிடிக்க நுரையீரல் தமனிக்குள் வைக்கிற சின்ன உணரியும் இருக்கிறது. 2011இல் வெளியான சாம்பியன் ஆய்வில், அது வைத்த 550 பேரில் யாருக்கு அந்த அழுத்தத்தைப் பார்த்து மருந்தை மாற்றினார்களோ அவர்கள் இதயச் செயலிழப்பால் அட்மிட் ஆவது குறைந்தது. எல்லோருக்கும் அது தேவைப்படாது, உங்கள் அப்பாவுக்கு இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இனி அளக்கும் விதம். என் நேரத்தில் பெரும்பகுதி தப்பாக எடுத்த எண்களுக்குப் பின்னால் ஓடுவதில்தான் போகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், பேசக் கூடாது. முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். கைப்பட்டை சின்னதாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும். பருமனான கைக்குப் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். வீட்டு அளவு பொதுவாகக் கிளினிக் அளவைவிடக் குறைவாக இருக்கும். கிளினிக்கில் 140/90 என்பதற்கு வீட்டில் 135/85 சமம். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் மிஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லும். அப்போது ஒரே ஒரு எண்ணை நான் நம்புவதில்லை, பலவற்றின் சராசரியைப் பார்ப்பேன்.

ஆக்ஸிமீட்டருக்குச் சூடான விரல் வேண்டும், நகப்பூச்சு கூடாது, எண் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, நம் நிறத்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தக் கருவி கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 இறுதியில் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே தமனி இரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழ் இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் சுமார் 12 சதவீதம், வெள்ளையரிடம் சுமார் 4 சதவீதம். அதனால் 94 என்று காட்டுகிறது, ஆனால் ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள். வழக்கமாக 97 இருந்தவருக்கு 93 ஆவது பெரிய செய்தி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவருக்கு 88 முதல் 92 வரையே இலக்காக இருக்கலாம். ஒருவருக்கு ஆபத்தான எண் இன்னொருவருக்கு வழக்கமான எண்.

ஆகையால் எல்லை அளவுகளை ஆளுக்கு ஆள் வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே எல்லையை வைத்துவிட்டால் திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். நூறு பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவில் உண்மையான ஒன்றைத் தவறவிடுவது மனித இயல்பு, நானும் மனுஷிதான். ஒரு முறை அப்படி ஒரு நோயாளியை மதியம் வரை கவனிக்காமல் விட்டேன். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதிய நோயாளிக்கும் முதல் இரண்டு வாரம் முடிந்ததும் உட்கார்ந்து எல்லைகளைத் திருத்துகிறேன். எத்தனை பேரை ஒருவர் பார்க்கிறார் என்பதும் இதோடு சேர்ந்தது. எண்ணிக்கை கூடக் கூட, நான் அந்தப் பாட்டிக்குச் செய்தது போன்ற வழக்கமான அழைப்புகள்தான் முதலில் நின்றுபோகும்.

கண்காணிப்பில் இருப்பது அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்பதையும் யோசியுங்கள். சிலருக்கு அது பெரிய தெம்பு. சிலர் பரீட்சை போல எடுத்துக்கொள்கிறார்கள். எண் மோசமாக வந்தால் திட்டுவார்கள் என்று பயந்து, நல்ல எண் வரும் வரை பத்து முறை பிபி பார்க்கிறார்கள், அல்லது அன்றைக்குப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு எண் வராத நாளும் ஒரு செய்தியே, அன்றும் கூப்பிடுவேன். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: எடை ஏறினால் "என்ன சாப்பிட்டீங்க?" என்று அதட்டாமல் இருப்பது. உண்மையைச் சொன்னால் பேச்சு வாங்க வேண்டும் என்றால் அடுத்த முறை அவர் மறைப்பார். அந்த மறைத்த எண்ணை வைத்துத்தான் நான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

பெட்டியை வாங்கிக்கொள்ளும் முன் அவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எண்களை ஒருவர் எத்தனை மணிக்குப் பார்க்கிறார்? ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் பார்க்கிறார்களா, இல்லை திங்கட்கிழமை காலைதானா? நர்ஸ் பிராக்டிஷனரே மருந்தை மாற்றுவாரா, இல்லை டாக்டருக்காகக் காத்திருப்பாரா? அவர் லீவில் போனால் யார்? இரத்தப் பரிசோதனையை யார் எழுதுவார்? இணையம் போனால் எண்ணைப் போனில் சொல்ல முடியுமா? "ஆப் தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் விடாமல் கேளுங்கள், ஒரு மனிதரின் பெயர் வரும் வரை. எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் எடை பார்ப்பதை நிறுத்தக் கூடாது. ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிட்டால் அப்போது சிரமம் இருக்காது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. தனியாக விடலாமா?

இந்தக் கண்காணிப்பு நாள்கணக்கில், வாரக்கணக்கில் வளரும் சிக்கலைப் பிடிக்கும். நிமிடக்கணக்கில் வருவதைப் பிடிக்காது. காலை 7 மணிக்கு எடுத்த எண் 11 மணிக்கு வரும் நெஞ்சுவலியைப் பற்றி எதுவும் சொல்லாது. கீழே விழுந்தால் எனக்குத் தெரியாது. நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், நுரையோ இரத்தமோ கலந்த சளி, வாய் கோணுவது, கை கால் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் டேப்லெட்டைத் தொடவே வேண்டாம், எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நேராக அவசர எண்தான்.

அதனால் நான் பார்ப்பது அப்பா என்ன செய்யக்கூடியவர் என்பதை. தானாக எழுந்து நடக்கிறாரா, மாத்திரையைக் குழப்பாமல் எடுத்துக்கொள்கிறாரா, தனக்கு முடியவில்லை என்பது அவருக்கே தெரிகிறதா, தெரிந்தால் போனை எடுத்துக் கூப்பிடுவாரா. நான்கிற்கும் ஆம் என்றால் பகலில் சில மணி நேரம் தனியாக இருக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் யாராவது கூட இருக்க வேண்டும், பெட்டி அந்த ஆளின் இடத்தை நிரப்பாது. எப்படியானாலும் டிஸ்சார்ஜ் ஆன முதல் இரண்டு வாரம் முடிந்தவரை லீவு போடுங்கள். திரும்ப அட்மிட் ஆகும் ஆபத்து அதிகமுள்ள நாட்கள் அவை, மருந்து அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும் நாட்களும் அவைதான். அந்த இரண்டு வாரமும் காலையில் நீங்கள் பக்கத்தில் நின்று எடை பாருங்கள். பிறகு வேலைக்குப் போகத் தொடங்கியதும் மதியம் ஒரு போன் போட்டு, "நேத்து எத்தனை தலையணைப்பா?" என்று மட்டும் கேளுங்கள். முந்தைய நாளைவிட ஒன்று கூடியிருந்தால், சாயங்காலம் வரை வைத்திருக்காமல் உங்கள் நர்ஸ் பிராக்டிஷனரை அப்போதே கூப்பிடுங்கள்.